நம்ம ஊர் டீம் யாருக்குச் சொந்தம்?

இன்னிக்கு கிரிக்கெட் இல்ல, பேஸ்பால். ரூல்ஸ் தெரியாதேன்னு ஓடிடாதீங்க. ஒரு ஊர் தன்னோட டீமை எப்படித் தக்க வச்சுக்கிட்டது, இன்னொரு ஊர் எப்படி இழந்தது, அதைத்தான் பேசப் போறேன்.

நான் இருக்கிறது ரோசெஸ்டர்ல. நியூயார்க் மாநிலம்தான். ஆனா சினிமாவுல வர்ற அந்த நியூயார்க் நகரத்துக்குப் போகணும்னா கார்ல அஞ்சாறு மணி நேரம் ஆகும். கோடாக் ஃபிலிம் ரோல் கேள்விப்பட்டிருப்பீங்க, அந்தக் கம்பெனி பிறந்த ஊர். மக்கள்தொகை 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல. மேஜர் லீக் பேஸ்பால் டீம் கிடையாது. ரோசெஸ்டர் ரெட் விங்ஸ்னு ஒரு மைனர் லீக் டீம் இருக்கு.

இந்த டீம் ஆடுறது டிரிபிள்-ஏ மட்டத்துல. அதாவது மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழ. ஆட்டக்காரங்க எல்லாரும் மேல இருக்கிற தாய் கிளப்போட ஆளுங்க. சம்பளம் கொடுக்கிறது அவங்க, யாரை எப்போ மேல கூப்பிடணும்னு முடிவு பண்றதும் அவங்க. மைதானம், டிக்கெட், சாப்பாட்டுக் கடை, இதெல்லாம்தான் உள்ளூர் கிளப்போட வேலை.

அதனால நல்லா ஆடுறவர் சீக்கிரமே போயிடுவார். தோனிக்கு அடிச்ச மாதிரி வருஷக்கணக்கா ஒரே ஆளுக்கு விசிலடிக்க முடியாது. தாய் கிளப்பே மாறும். 1961-லிருந்து 2002 வரை பால்டிமோர் ஓரியோல்ஸ், 2003-லிருந்து 2020 வரை மின்னசோட்டா ட்வின்ஸ், 2021-லிருந்து வாஷிங்டன் நேஷனல்ஸ்.

"அப்புறம் நீங்க யாரைத்தான் சப்போர்ட் பண்றீங்க?"ன்னு ஆபீஸ்ல ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். "எங்க வீட்ல ஷேர் இருக்குப்பா"ன்னார்.

அந்த ஷேருக்குப் பின்னால 1957 இருக்கு. அப்போ டீமுக்குச் சொந்தக்காரங்க செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அவங்க கைகழுவ முடிவு பண்ணினாங்க. டீம் ஊரை விட்டே போயிடும்ங்கிற நிலைமை. மோரி சில்வர்னு ஒரு உள்ளூர் வியாபாரி முன்னால நின்னு, ஊர் மக்கள்கிட்ட பங்கு வித்தார். ஒரு ஷேர் 10 டாலர். 8,222 பேர் வாங்கினாங்க. டீமையும் மைதானத்தையும் ஊரே வாங்கிடுச்சு. ரோசெஸ்டர் கம்யூனிட்டி பேஸ்பால்ங்கிற அந்த நிறுவனம்தான் இன்னிக்கும் டீமை நடத்துது.

இப்போ இன்னொரு ஊருக்குப் போவோம். ரோட் ஐலண்ட் மாநிலத்துல இருக்கிற பாடக்கெட். 1981 ஏப்ரல் 18 ராத்திரி அங்க ரெட் விங்ஸுக்கும் பாடக்கெட் ரெட் சாக்ஸுக்கும் மேட்ச். வழக்கமா 9 இன்னிங்ஸ்ல முடியணும். 32 இன்னிங்ஸ் ஆகியும் சமநிலை. விடிகாலை 4 மணி 7 நிமிஷத்துக்கு ஆட்டத்தை நிறுத்தினப்போ, அந்தக் குளிர்ல 19 ரசிகர்கள் மிச்சம் இருந்தாங்க. ஜூன் 23-ஆம் தேதி திரும்ப ஆரம்பிச்சு, 33-ஆவது இன்னிங்ஸ்ல பாடக்கெட் 3-2ன்னு ஜெயிச்சது. தொழில்முறை பேஸ்பால்லயே மிக நீளமான ஆட்டம் இதுதான். அன்னிக்கு ரோசெஸ்டருக்கு ஆடினவர் கால் ரிப்கன் ஜூனியர், பாடக்கெட்டுக்கு வேட் பாக்ஸ். ரெண்டு பேருமே பின்னாடி பெரிய நட்சத்திரங்கள்.

இதை விட விசுவாசமான ரசிகர்கள் உண்டா? ஆனா அந்த டீம் இப்போ பாடக்கெட்ல இல்ல. தனியார் முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் புது மைதானம் விஷயத்துல ஒத்துவரல. 2021-லிருந்து டீம் ஆடுறது பக்கத்து மாநிலத்துல, வூஸ்டர் நகரத்துல. சிஎஸ்கே 2016, 2017-ல ஆடலைன்னாலும் 2018-ல திரும்பி வந்துச்சு. மைனர் லீக்ல அந்த மாதிரி திரும்பி வரும்னு நம்பி உட்கார முடியாது.

ஷேர் இருந்தா எல்லாம் பத்திரம்னு நான் சொல்லல. மேஜர் லீக் நிர்வாகம் 2020 சீசன் முடிஞ்சதும் தன்னோட இணைப்புல இருந்த மைனர் லீக் டீம்களை 160-லிருந்து 120-ஆ குறைச்சிடுச்சு. மைதானத்துக்கும் புதுப்புது நிபந்தனைகள். ரோசெஸ்டர் மைதானம் இப்போ மன்ரோ கவுண்டி அரசாங்கத்தோடது, அதனால செலவு வரிப்பணத்துல விழுது. வறுமை அதிகமா இருக்கிற ஊர்ல, பேஸ்பாலுக்கு எதுக்கு இவ்வளவுன்னு கேக்குறது நியாயமான கேள்விதான். ஒரு வித்தியாசம் என்னன்னா, டீம் ஊர்க்காரங்ககிட்ட இருந்தா, "பணம் தரலைன்னா டீமை வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவேன்"னு மிரட்ட ஒரு முதலாளி இல்ல. அப்போ அந்தக் கேள்வியைப் பயமில்லாம பேசலாம்.

அதனால எனக்கு சப்போர்ட்டுன்னா ரெண்டு வேலை. ஒண்ணு, ஸ்டார் யாரும் இல்லாத செவ்வாய்க்கிழமை மேட்சுக்கும் டிக்கெட் வாங்கணும். ஏப்ரல்ல ரோசெஸ்டர் குளிர் எலும்பைக் கடிக்கும், ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுப் போகணும். ரெண்டு, டீம் யார் கையில இருக்கு, மைதானத்தோட ஒப்பந்தம் எப்போ முடியுதுன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். முதல் வேலையை மட்டும் செஞ்சவங்கதான் பாடக்கெட்டோட அந்த 19 பேர். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க கையில ஷேர் இல்ல, அவ்வளவுதான்.

நீங்க இருக்கிற ஊர்லயும் ஏதாவது ஒரு சின்ன டீம் இருக்கும். அது யாருக்குச் சொந்தம்னு இந்த வாரம் தேடிப் பாருங்க. என்ன கிடைச்சுதுன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.