முகவரி இல்லாதவரும் தொலைபேசியும்



மத்திய அரசின் அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நாம், நாள்தோறும் விண்ணப்பப் படிவங்களோடு பழகுகிறோம். பெயர், தந்தை பெயர், வயது ஆகியவற்றை அடுத்து, ஏறத்தாழ எல்லாப் படிவங்களிலும் ‘நிலையான முகவரி’ என்று ஒரு வரி நிற்கும். அதைத் தமிழாக்குவது எளிது. ஆனால் அவ்வரியை நிரப்ப இயலாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. கைப்பேசியும் இணையமும் எங்கும் பரவியுள்ள இந்நாளில், இச்செய்தித்தொடர்புச் சாதனங்கள் வீடற்றோருக்கு உண்மையில் உதவுமா என்று பலரும் கேட்கின்றனர். தமிழர் பல தலைமுறையாக வாழும் மும்பை மாநகரைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

முதலில், வீடற்றோர் எனப்படுவோர் யாவர்? தாராவியின் நெருக்கமான சந்துகளில் பத்தடிக்குப் பத்தடி அறையில் வாழ்பவர் துன்பப்படுகிறார் என்பது மெய். எனினும் அவருக்குக் கூரை உண்டு, கதவு உண்டு, கடிதம் போய்ச் சேர ஓர் எண்ணும் உண்டு. எலி வளையானாலும் தனி வளை அன்றோ! நடைபாதையிலும், மேம்பாலத்தின் அடியிலும், ரயில் நிலைய வாயிலிலும் உறங்குவோரையே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் என்று தனியே குறிக்கிறது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் அவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். மும்பையில் மட்டும் 57 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஓரிரவில் எண்ணப்பட்ட தொகை ஆதலால், கண்ணில் படாமல் விடுபட்டோரும் இருப்பர்.

இக்கூட்டத்தில் நம்மவரும் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் புகழ்பெற்ற தீர்ப்பொன்றில் சேலத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளியின் வரலாறு பதிவாகியுள்ளது. நிலமற்ற அவர், வறட்சியால் வேலையிழந்து, 1961இல் பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் நாட்கூலி கிடைத்தது. கூலி 23 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் கொண்டு கட்டிய கூடாரத்துக்காக, ஒரு குடிசை முதலாளி அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். 1981 ஜூலையில், நடைபாதை வாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்புவது என்று மாநில அரசு முடிவு செய்தது. கொட்டும் மழைக்காலத்தில் கூடாரம் இடிக்கப்பட்டது. மனைவி, மூன்று பெண் மக்களோடு அவர் சேலத்துக்கு அனுப்பப்பட்டார். ஊரில் வேலை இல்லை. ஆகவே திரும்பி வந்து, மறுபடியும் நடைபாதையிலேயே குடியேறினார்.

அவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 1985 ஜூலை 10இல் தீர்ப்பு வந்தது. பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறிற்று. நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது ஏற்கவில்லை. ஆயினும் முன்னறிவிப்பின்றி அகற்றுவது பொதுவாகத் தகாது என்றது. மேலும், 1976ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிடப்பட்டு அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தரவேண்டும் என்றும் விதித்தது. இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது. குடிசைக் கதவில் எழுதிய எண்ணும் கையிலிருந்த காகித அட்டையும், இருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையே பெரும் வேற்றுமையை உண்டாக்கின. அட்டை பெற்றவனுக்கு மாற்றிடம் உண்டு; கணக்கில் வராதவனுக்கு அவ்வுறுதி இல்லை.

அடுத்து, தொலைபேசியே நேராக உதவிய ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. அங்கே ஆசிரியப் பணியிலிருந்த ஜெரூ பில்லிமோரியா அம்மையார், ரயில் நிலையங்களிலும் தெருக்களிலும் வாழும் சிறுவர்களோடு பழகி வந்தார். ஆபத்து நேர்ந்தால் அச்சிறுவர் இரவென்றும் பகலென்றும் பாராமல் அவரைத் தொலைபேசியில் அழைத்தனர். அவ்வனுபவத்திலிருந்து 1996இல் பிறந்ததுதான் 1098 என்னும் சிறுவர் உதவி எண். ‘பத்து, ஒன்பது, எட்டு’ என்று இந்தியில் ஓசையோடு சொல்லிப் பழகி, அந்த எண்ணைத் தெருச் சிறுவர்களே தங்களுடையதாக்கிக் கொண்டனர். அந்நாளில் பொதுத் தொலைபேசியில் காசு போடாமலே பேச முடிந்தது. முகவரி சொல்ல வேண்டியதில்லை. நிற்கும் இடத்தைச் சொன்னால் போதும். ஒருமணி நேரத்துக்குள் ஓர் ஊழியர் நேரில் சென்று சேர வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. மும்பையில் தொடங்கிய அப்பணி நாடெங்கும் பரவிற்று. 2023 முதல் அரசே அதனை ஏற்று, 112 என்னும் அவசர எண்ணோடு இணைத்து நடத்துகிறது.

இதன் வெற்றிக்குக் காரணம் கம்பியோ கருவியோ என்று கேட்டால், கருவி பாதி, மறுமுனையில் எழுந்து புறப்பட்ட மனிதர் பாதி என்றே கூற வேண்டும்.

இனி, இன்றைய கைப்பேசியைப் பார்ப்போம். வீடற்றவர் பலரிடம் அது இருக்கிறது. கூலி வேலை எங்கே என்று அறியவும், ஊரிலுள்ள தாயிடம் பேசவும், பணம் அனுப்பவும் அது பயன்படுகிறது. இது சிறிய நன்மை அன்று. ஆனால் இரவில் மின்னூட்டம் செய்ய இடமில்லை. உறங்கும்போது களவு போகிறது. மழையில் நனைந்து கெடுகிறது. புதிய சிம் அட்டை வாங்க அடையாளச் சான்றும் முகவரியும் கேட்கிறார்கள். நெடுநாள் பயன்படுத்தாத எண் மற்றொருவருக்குப் போய்விடுகிறது. எண் போனால், அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யும் போயிற்று, அதனோடு வங்கிக் கணக்கும், அரசு உதவியும் எட்டாமல் நின்றுவிடுகின்றன. வீடுள்ளவருக்குக் கைப்பேசி தொலைவது ஒருநாள் தொல்லை. வீடற்றவருக்கோ, அரும்பாடுபட்டுப் பெற்ற முகவரியே தொலைந்தது போலாகும்.

வேறு வழி இல்லாமலில்லை. 2016ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டம், நிலையான வீடு இல்லாதவர்களுக்கு ஆதார் எண் வழங்கத் தனி ஏற்பாடு செய்யவேண்டும் என்று சொல்கிறது. 2019இல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’த் திட்டம் 2022க்குள் எல்லா மாநிலங்களுக்கும் பரவியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்த அட்டை தமிழ்நாட்டில் இருப்பினும், மும்பை ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துத் தானியம் பெறலாம். முகவரியைத் தேடாமல் ஆளையே அறிந்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆயினும் கல்லும் சுண்ணாம்பும் சுமந்து தேய்ந்த விரலை இயந்திரம் சிலவேளை அறிவதில்லை. அரிசி கிடைத்தாலும் அதைப் பொங்க அடுப்பு வேண்டுமே!

கருவியின் எல்லையையும் மறத்தலாகாது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு, 100 பேர் தங்கும் இரவு விடுதி ஒன்றாவது வேண்டும் என்பது 2013இல் வகுக்கப்பட்ட மத்திய அரசின் நெறி. 2011இல் மும்பையின் மக்கள்தொகை 1 கோடியே 24 லட்சம். அதன்படி 124 விடுதிகள் வேண்டும். இருப்பவை மிகக் குறைவு. காலியிடம் எங்கே என்று காட்டும் செயலி எவ்வளவு நுட்பமானதாயினும், கட்டாத விடுதியில் அது பாய் விரிக்க முடியாது.

ஆகையால் செய்தித்தொடர்புச் சாதனம் வீடற்றோருக்கு உதவும் என்றே நாம் கூறுவோம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு. அது காசும் முகவரியும் கேளாதிருக்க வேண்டும். கருவி தொலைந்தாலும் ஆளின் உரிமை தொலையாதிருக்க வேண்டும். மறுமுனையில் பொறுப்புள்ள ஒருவர் இருக்க வேண்டும்.

இம்மூன்றாவது நிபந்தனையில் வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கும் பங்குண்டு. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் நடத்தும் சபைகள், பள்ளிகள், கோயில்கள் இருக்கின்றன; பிற நகரங்களிலும் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் வாயிலில் கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்ய ஒரு பலகை வைக்கலாம். வாரத்தில் ஒருநாள் மாலை, படிவம் நிரப்பித் தரவும், தொலைந்த எண்ணை மீட்க உடன் செல்லவும், எழுத்தறிந்த ஒருவர் அமரலாம். ஊரிலிருந்து வரும் கடிதத்தைச் சங்கத்தின் பெயரில் வாங்கி உரியவரிடம் சேர்க்கலாம். செலவு அதிகமில்லை. சேலத்திலிருந்து வந்த அந்தத் தொழிலாளியைப் போன்றோர் இன்றும் ரயிலிறங்கி வருகின்றனர். அவர்களில் ஒருவர் அழைக்கும்போது நம்மில் ஒருவராவது எடுத்துப் பேசுவோமாக.