அயல்நாட்டுச் சரக்கும் அரசாங்க விசாரணையும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காவிரிப் பாய்ச்சலை நம்பி வாழும் நமக்கு இறக்குமதி வர்த்தகத்தோடு யாது தொடர்பு என்று சிலர் வினவலாம். நம் முன்னோர் அதனைத் துன்பத்தின் வாயிலாக அறிந்தனர். 1929-இல் தொடங்கிய உலக மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. 1934-இல் மேட்டூர் அணை நிறைவெய்திய காலத்தில், தஞ்சை மிராசுதார்களின் பத்தாயத்தில் நெல் இருந்தது. கிஸ்தி கட்டக் கையில் பணமில்லை. பர்மா அரிசியும் சயாம் நொய்யும் சென்னை மாகாணத்தில் மலிவாக வந்திறங்கின. முறையீடுகள் எழுந்தன. 1935-இல் இந்திய அரசாங்கம் அயல்நாட்டு நொய்யரிசிக்கு, ஏறத்தாழ 82 ராத்தல் கொண்ட மணங்கு ஒன்றுக்கு 12 அணா வரி விதித்தது. பர்மா 1937 வரையில் இந்தியாவோடு இணைந்திருந்தமையால், அதன் அரிசியை அவ்வரி தொடவில்லை.

ஆயினும் மலிவு வேறு, முறைகேடு வேறு. அயல்நாட்டார் ஒரு பொருளைத் தம் நாட்டில் விற்கும் விலையினும் குறைத்து இங்கு அனுப்புவதே 'குவிப்பு' எனப்படும். 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி இன்று இதனை ஆராய்வது மத்திய வர்த்தக அமைச்சின் கீழுள்ள வர்த்தகப் பரிகாரத் தலைமை இயக்குநரகம். மனுவை ஆதரிப்போர் உள்நாட்டு உற்பத்தியில் 25 விழுக்காட்டுக்குக் குறையாமல் உடையவராதல் வேண்டும். எதிர்ப்போரினும் அவர் உற்பத்தி மிகுந்திருத்தல் வேண்டும்.

பின்னர் மூன்று வினாக்கள் எழும். குவிப்பு நிகழ்ந்ததா? உள்நாட்டாருக்கு நட்டம் நேர்ந்ததா? அந்நட்டம் அச்சரக்கினாலேயே நேர்ந்ததா? மூன்றாவதே கடினமானது. உலக மந்தமும் பர்மா அரிசியும் விளைத்த நட்டத்தைச் சயாம் நொய்யின் மேல் ஏற்றினால் இன்றைய அதிகாரி ஒப்பார். அவர் இரு தரப்பின் கணக்கேடுகளையும் கேட்பார். அயல்நாட்டு ஏற்றுமதியாளருக்கும் மறுமொழி கூற இடமளிப்பார். வரி தேவையெனக் கண்டால் நிதியமைச்சுக்குப் பரிந்துரைப்பார். விதிக்கும் வரி, நீட்டிக்கப்பட்டாலன்றி, ஐந்தாண்டில் முடிவுறும்.

பூச்சிமருந்து போன்ற பொருளுக்கு இத்தகைய வரி கோரப்படுமாயின், அதன் சுமை நம் வயலுக்கே வரும். ஆகவே நாம் ஒரு வழக்கில் மனுதாரராகவும், மற்றொன்றில் ஆட்சேபிப்போராகவும் நிற்க நேரலாம்.

இரண்டிற்கும் கணக்கு வேண்டும். சாகுபடிச் செலவு, விற்ற மூட்டை, பெற்ற விலை ஆகியவற்றை எழுதி வைப்போர் நம்மில் எத்தனை பேர்? ஐந்து மா நிலமுடையவர் தனித்து நின்று வழக்காட இயலாது. ஊர்தோறும் ஒரு பேரேடு தொடங்கி, போகந்தோறும் எழுதி வருவோமாக. விசாரணை வரும் நாளில், நம் குறையை நிலைநாட்டுவது அப்பேரேடே.