கால்விரல் வீக்கத்தைக் கவனிப்போம்



நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கால்விரல் வீங்கிக் கன்றிப்போகிறது. "எங்காவது இடித்திருப்போம்" என்று தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். சில நாளில் வற்றுகிறது. பிறகு மீண்டும் வருகிறது. அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

பெருவிரல் மூட்டு இரவில் திடீரெனச் சிவந்து, போர்வை பட்டாலே வலித்தால், யூரிக் அமிலம் மிகுவதால் வரும் கவுட் எனும் மூட்டுவாதமாக இருக்கலாம். இறுக்கமான ஷூவும் விரலை நசுக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோருக்கு லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. இடிபடாமலே விரல் நீலமானால் ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நாம் அதிகம் அஞ்ச வேண்டியது சர்க்கரை நோயைத்தான். மரத்துப்போன காலில் எலும்பு முறிந்தாலும் வலி தெரியாமல் போகலாம். வலி இல்லையே என்று இருந்துவிட்டால், புண்ணாகி விரலையே இழக்க நேரிடலாம்.

உளூச் செய்யும்போது தினமும் விரல் இடுக்குகளைக் கழுவுகிறோம். அப்போது கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். குனிய முடியாத வாப்பா, உம்மாவின் கால்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தருவானாக!