மறைந்த படைவீரரின் பதிவேடும் ஊராட்சியின் கடமையும்

(கோரிப்பாளையத்தில் நடைபெற்ற ஊராட்சிப் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

சாலை, குடிநீர், கண்மாய் மராமத்து ஆகியவை பற்றி நாம் பன்முறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினின்றும் சற்று வேறானது. நம் ஊர்களிலிருந்து பட்டாளத்திற்குச் சென்று, பணி முடித்துத் திரும்பி, நம்மோடு ஏர் பிடித்து வாழ்ந்து மறைந்தவர்கள் பலர். அவர்களுடைய இராணுவப் பதிவேட்டில் பிழை இருந்தால் அதை எவ்வாறு திருத்துவது, அதில் ஊராட்சி என்ன உதவி செய்யலாம் என்பதே அப்பொருள்.

இது கிராம வளர்ச்சியைச் சேர்ந்த காரியமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கைம்பெண்ணுக்கு மாதந்தோறும் வரவேண்டிய பணம், பெயரில் ஓர் எழுத்து மாறியதனால் வராமற்போனால், அக்குடும்பம் கடனில் விழுகிறது. பிள்ளைகளின் படிப்பு நிற்கிறது. நிலம் அடமானத்திற்குப் போகிறது. ஆகவே இது கிராமத்தின் காரியமே.

பிழை எங்கே பிறக்கிறது?

ஒருவர் படையில் சேரும்போது அவர் பெயர், தந்தை பெயர், ஊர், வட்டம், மாவட்டம், பிறந்த தேதி, நெருங்கிய உறவினர் ஆகிய விவரங்களை எழுதிக்கொள்கிறார்கள். பின்னர் திருமணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், அவர் தம் படைப்பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். படைப்பிரிவு அதற்கெனத் தனியே ஓர் ஆணை பிறப்பிக்கும். அந்த ஆணை பதிவகத்திற்குச் சென்றபின்தான் மனைவி மக்களின் பெயர் கணக்கில் ஏறும். விடுமுறையில் வந்து மணம் முடித்து அவசரமாகத் திரும்பிய இளைஞர் பலர், இதைச் செய்யாமலே விட்டிருக்கிறார்கள்.

நம் பெயர் முறையும் ஒரு காரணம். நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே போதும். வடநாட்டு எழுத்தருக்கோ குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். அதனால் தந்தை பெயர் மகன் பெயருக்குப் பின்னே போய் ஒட்டிக்கொள்கிறது. வீட்டில் 'ராக்கு' என்று அழைக்கப்பட்ட பெண் பட்டாளத்துக் காகிதத்தில் ராக்கு ஆகிறாள். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் ராக்கம்மாள் ஆகிறாள். ஊருக்கு இருவரும் ஒருவரே. காகிதத்திற்கோ இருவரும் வெவ்வேறு பெண்கள்.

மூன்றாவது காரணம் மாவட்டப் பிரிவினை. பழைய மதுரை ஜில்லாவிலிருந்து 1985-இல் திண்டுக்கல் மாவட்டமும் 1996-இல் தேனி மாவட்டமும் பிரிந்தன. பழைய இராமநாதபுரம் ஜில்லா 1985-இல் மூன்றாயிற்று. அதிலிருந்து தோன்றிய சிவகங்கை மாவட்டத்திற்கும் விருதுநகர் மாவட்டத்திற்கும் 1997 வரை தலைவர்களின் பெயர்கள் வழங்கின. 1965-இல் படையில் சேர்ந்தவரின் ஏட்டில் ஒரு மாவட்டமும், அவர் வாரிசின் சான்றிதழில் வேறொரு மாவட்டமும் இருப்பது இயல்பே. ஆயினும் தொலைவில் உள்ள எழுத்தருக்கு அது தெரியாது. ஊர் ஒன்றே என்று கூறும் சான்று இங்கிருந்துதான் போக வேண்டும்.

நான்காவது காரணம் இறப்புச் சான்றிதழ். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். இக்கோரிப்பாளையத்தை ஒட்டியுள்ள அரசு இராஜாஜி மருத்துவமனையில் ஒருவர் காலமானால், பதிவு மதுரை மாநகராட்சி எல்லையில் ஆகுமேயன்றி அவருடைய கிராமத்தில் ஆகாது. நள்ளிரவில் நோயாளியைக் கொண்டுவந்த உறவினர் பதற்றத்தில் சொன்ன பெயரும் வயதுமே முடிவில் சான்றிதழிலும் ஏறிவிடுகின்றன. ஆதலால் மருத்துவமனைக்குப் போகும்போதே அடையாள அட்டையை உடன் கொண்டுபோவது நலம். இறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை பெற்ற பின்னரே பதிய முடியும்.

பிழையால் நேரும் நஷ்டம்

குடும்ப ஓய்வூதியம் பெறும் கைம்பெண்ணுக்கு 80 வயது நிறைந்தால், அடிப்படை ஓய்வூதியத்தில் நூற்றுக்கு 20 கூடுதலாகக் கிடைக்கும். 85 வயதில் 30, 90 வயதில் 40, 95 வயதில் 50, 100 வயதில் முழு அளவு கூடுதல் என்பது விதி. ஆனால் ஓய்வூதிய ஆணையில் அவருடைய பிறந்த தேதி இருந்தால்தான் இது தானாகக் கிடைக்கும். பழைய ஆணைகள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இல்லை. சிலவற்றில் உத்தேச வயது மட்டும் இருக்கிறது. 86 வயது மூதாட்டி ஒருத்தி, தனக்குரியது இன்னதென்று அறியாமலே குறைந்த தொகையைப் பெற்று வருகிறாள் என்றால், அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர்கள் அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே.

பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் 2021 முதல் 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறைக்குப் படிப்படியாக மாற்றப்பட்டு வந்துள்ளன. முன்பு வங்கியில் முகம் தெரிந்த எழுத்தர், பெயரில் சிறு பேதம் இருந்தாலும் பணத்தைக் கொடுத்துவிடுவார். கணினிக்கு முகம் தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக உறங்கிய பிழைகள் இப்பொழுது விழித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருத்தும் வழி

முதலில் தேட வேண்டியது, 'டிஸ்சார்ஜ் புத்தகம்' என்று நம் ஊர்களில் வழங்கும் விடுவிப்புப் புத்தகம். படை எண், படைப்பிரிவு, பணிக்காலம், பெற்ற பதக்கங்கள் யாவும் அதில் உள்ளன. அதை இழந்துவிடாதீர்கள். ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் விவரப் பத்திரங்களை 25 ஆண்டுகள் வைத்திருந்து பின்பு அழித்துவிடுவது பட்டாள விதி. அதன்பின் பதிவகத்தில் எஞ்சுவது நெடும்பட்டியலில் உள்ள சில வரிகளே. அப்படிப்பட்டவரின் முழு விவரமும் உள்ள ஒரே ஏடு, உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் அந்தப் புத்தகமாகவே இருக்கலாம்.

படை எண் கிடைத்ததும் எந்தப் பதிவகம் என்று அறிய வேண்டும். மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் உள்ள வெல்லிங்டன். மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படைக்குப் பெங்களூரு. பீரங்கிப் படைக்கு நாசிக். தகவல் தொடர்புப் படைக்கு ஜபல்பூர். மின்னியல் எந்திரவியல் படைக்குச் செகந்திராபாத். ஓய்வூதிய ஆணையைத் திருத்தி வழங்குவது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்கு அலுவலகம். ஆனால் பதிவகம் எழுதினால்தான் அவர்கள் திருத்துவார்கள். ஆகவே நேரே அங்கே மனுப் போட்டுக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

மதுரை மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தின் வாயிலாக மனுவை அனுப்புவதே செம்மையான வழி. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், ஆதார், விடுவிப்புப் புத்தகம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். மூலப் பத்திரத்தை எவரிடமும் தபாலில் அனுப்பக் கூடாது. கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெறுங்கள். பதில் வராவிடில், தம் மனு எந்நிலையில் உள்ளது என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். அதற்கும் பயனில்லையேல், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பணியாற்றி ஓய்வூதியமின்றி வீடு திரும்பியவர்களின் கைம்பெண்களுக்கு மாநில அரசு மாதந்தோறும் நிதியுதவி அளித்துவருகிறது. அதற்கும் படைவீரர் நலன் அலுவலகமே வாயில். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்குரியது 1972-இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம். இரண்டையும் குழப்பி ஒரே மனுவாக எழுதுவதனால்தான் பல மனுக்கள் திரும்பி வருகின்றன.

பதக்கங்களைப் பற்றி

பதக்கம் இருவகைப்படும். குறித்த போரில், குறித்த களத்தில் பணியாற்றிய அனைவருக்கும் உரியது ஒருவகை. 1965-ஆம் ஆண்டுப் போருக்குச் 'சமர் சேவா நட்சத்திரம்', 1971-ஆம் ஆண்டுப் போருக்கு மேற்குக் களத்தில் 'பச்சிமி நட்சத்திரம்', கிழக்குக் களத்தில் 'பூர்வி நட்சத்திரம்' என்பன இவ்வகை. தகுதி இருந்தும் விடுபட்டுப்போயிருந்தால், வீரர் மறைந்த பின்னும் குடும்பத்தார் பதிவகத்திற்கு எழுதிக் கேட்கலாம்.

மற்றொரு வகை தனிவீரத்திற்கு வழங்குவது. பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் ஆகிய மூன்றும் 1950 ஜனவரி 26-இல் நிறுவப்பட்டன. களத்தில் இருந்த தலைமை அதிகாரி அப்பொழுதே எழுதிப் பரிந்துரைத்து, அரசிதழில் வெளிவந்தால்தான் அவை உண்டு. ஐம்பது ஆண்டு கழித்து ஊரார் கையெழுத்திட்ட மனுவினால் அவற்றைப் பெற இயலாது. "வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்டு எவரேனும் வந்தால், அவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

உரிய காலத்தில் எழுதுவதன் பயனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-இல் இத்தாலியில் மிக்னானோ என்னுமிடத்தில், வெடிக்க இருந்த கண்ணியின் மேல் தாமே விழுந்து உடனிருந்தோரைக் காத்து உயிர்நீத்தார். அவ்வாண்டிலேயே அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் பெயரை நாம் சொல்ல முடிகிறது என்றால், அவருடைய வீரம் மட்டுமன்றி, அதனை உடனே எழுதிவைத்தவர்களின் கடமையுணர்ச்சியும் அதற்குக் காரணம்.

எழுதாமல் விட்டதன் விளைவையும் பாருங்கள். போரில் மாண்டோர் யாவரையும் பேதமின்றிப் போற்றுவது என்னும் கொள்கையோடு 1917-இல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் ஒரு கல்லறை ஆணையம் ஏற்பட்டது. அவ்வாணையம் அமைத்த தனிக்குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, முதல் உலக யுத்தத்தில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களுள் குறைந்தது 1,16,000 பேர் பெயர் பொறிக்கப்படாமலோ, நினைவுச் சின்னமே இன்றியோ விடப்பட்டனர் என்று ஒப்புக்கொண்டது. அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் கூறியது. ஆணையம் மன்னிப்புக் கோரியது. நம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றிலும் அக்காலத்துக் கல் ஒன்று சுவரில் பதிந்திருக்கும். அதில் அவ்வூரிலிருந்து போருக்குப் போனவர்களின் தொகையும் மாண்டவர்களின் தொகையும் இருக்கும். பெயர் ஒன்றும் இராது. தொகை தெரிந்த ஊருக்குப் பெயர் தெரியாமற்போனது ஏன்? ஊரில் எவரும் எழுதிவைக்கவில்லை.

உண்மைக்கே திருத்தம்

நான் பணியாற்றிய வட்டாரம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். 1971-ஆம் ஆண்டுப் போரில் பங்குகொண்ட ஒருவர் காலமானபின், அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. பெயரில் பேதம், வயதில் ஆறு ஆண்டுப் பேதம், மாவட்டத்திலும் பேதம். கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் அமர்ந்து எல்லாப் பத்திரங்களையும் ஒரு வரிசையில் வைத்து, எது எதனோடு மாறுபடுகிறது என்று ஒரு தாளில் எழுதினார்கள். அத்தாளை முகப்பில் வைத்து மனு சென்றது. பதினான்கு மாதங்களில் ஓய்வூதியம் நிலுவையுடன் வந்தது.

அம்மனுவில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. தாத்தா கிழக்கு வங்கத்தில் போரிட்டார் என்று பேரப்பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். புத்தகத்திலோ மேற்குக் களத்துப் பதக்கம் எழுதியிருந்தது. அதனைப் பிழையென்று கருதித் திருத்தக் கேட்டார்கள். அவருடைய படைப்பிரிவு அப்போது மேற்கு எல்லையிலேயே இருந்தது என்று பதிவகம் சான்றோடு விடையளித்தது. பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றமே. எனினும் மேற்கில் நின்றவரும் நாட்டுக்காகவே நின்றார். திருத்தம் என்பது நம் விருப்பத்திற்குத் திருத்துவதன்று, உண்மைக்குத் திருத்துவதாகும். இதை மனத்திற் கொண்டு எழுதும் மனுவுக்கே மதிப்பு உண்டு.

ஊராட்சி செய்ய வேண்டியவை

ஒவ்வோர் ஊராட்சியும் படைவீரர் பதிவேடு ஒன்றைத் தொடங்கட்டும். ஒரு நூறு பக்க நோட்டுப் புத்தகம் போதும். ஊரிலிருந்து படைக்குச் சென்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: பெயர், படை எண், படைப்பிரிவு, சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, பதக்கம், மனைவியின் பெயர், பிறந்த தேதி. மறைந்தவர்களையும் விடாமல் எழுதுங்கள். விடுவிப்புப் புத்தகத்தின் நகலொன்றைக் குடும்பத்தார் இசைவுடன் வாங்கிச் சேர்த்துவையுங்கள்.

இன்னும் நம்மோடு இருக்கும் முன்னாள் வீரர்களிடம், அவர்கள் இருக்கும்போதே, மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஓய்வூதிய ஆணையில் சரியாக உள்ளனவா என்று கேளுங்கள். அவர் கையெழுத்து ஒன்றினால் இன்று எளிதில் முடியும் காரியம், நாளை அவர் மனைவி பத்து அலுவலகம் ஏறினாலும் முடிவது அரிது. அடுத்த கிராம சபையில் இதனை ஒரு பொருளாக வையுங்கள். 80 வயது கடந்த கைம்பெண்கள் எவரெவர் என்று முதலில் பாருங்கள். அவர்களுக்குக் காத்திருக்க நாள் அதிகம் இல்லை.