கல்லும் பலகையும் கலந்த வீடு யாருக்கு?

 

சொந்த வீடு வேண்டும் என்பதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்த வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். 1950, 1960ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் வேலையையும் கூரையையும் ஒருசேர இழந்தன. அந்த நெருக்கடியில்தான், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஆகவே, வேலையில் இருக்கும்போதே வீட்டைப் பற்றிச் சிந்திப்பதுதான் அறிவுடைமை.

வீடு என்றதும் பலருக்கு மனக்கண்ணில் தோன்றுவது தாமானில் வரிசையாக நிற்கும் கல்வீடு. ஆனால் நம் நாட்டுச் சாலையோரங்களைப் பாருங்கள். முழுக்கக் கல்லும் இல்லாமல், முழுக்கப் பலகையும் இல்லாமல், இரண்டும் கலந்த வீடுகள் நிறைய உண்டு. சிலர் அவற்றை 'அரைகுறை வீடு' என்று ஏளனம் செய்வார்கள். அது சரியன்று. ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் நம் குடும்பத்துக்குப் பொருந்துகிறதா என்பதே கேள்வி. இன்று மூன்று வகைகளை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, அரைக்கல் வீடு. இடுப்பளவுக்குச் செங்கல் சுவர். அதற்கு மேலே பலகை. அதன் மேல் தகரக் கூரை. ஏன் இப்படிக் கட்டினார்கள்? மழை பெய்யும்போது கூரையிலிருந்து விழும் நீர் தரையில் மோதிச் சுவரின் அடிப்பாகத்தில் தெறிக்கிறது. மண்ணிலுள்ள ஈரமும் மேலே ஏறுகிறது. அடிப்பலகைதான் முதலில் உளுத்துப் போகும். கறையானும் அங்கேதான் முதலில் நுழையும். அந்த இடத்தில் கல் இருந்தால் பலகை தப்பிக்கிறது. மேலே பலகை இருப்பதாலும் நன்மை உண்டு. கற்சுவர் பகலில் வாங்கிய வெயிலை இரவில் வீட்டுக்குள் விடும். பலகைச் சுவரோ பொழுது சாய்ந்ததும் விரைவில் குளிர்ந்துவிடும்.

இந்த வீடு யாருக்கு ஏற்றது? சொந்த நிலம் உள்ளவர்களுக்கு. கையில் பணம் சேரச் சேரக் கட்டுகிறவர்களுக்கு. தச்சு வேலை தெரிந்த ஆள் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு. கறையான் கற்சுவர் மீது மண்பாதை போட்டுத்தான் மேலே ஏறும். வாரம் ஒரு முறை வெளிச்சுவரைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கு அது கண்ணில் பட்டுவிடும். பார்க்க நேரமில்லாத குடும்பத்துக்கு இந்த வீடு தொல்லையாகும். அடுப்படியை மட்டும் முழுக் கல்லாகக் கட்டுங்கள். பலகைக்கும் நெருப்புக்கும் ஒருநாளும் ஒத்துவராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய லயன் இடிக்கப்படும்போது அங்குள்ள பலகையை வாங்கிப் பயன்படுத்துவது சிக்கனந்தான். ஆனால் பழைய கூரைகளில் சில கல்நார்த் தகடுகள். அவற்றை உடைத்தாலோ அறுத்தாலோ வரும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அது இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, தூண் வீட்டின் கீழே சுவர் எழுப்பிய வீடு. மலாய்க் கம்பத்து வீடு தூண்கள் மீது நிற்பதை நாம் அறிவோம். வெள்ளம் கீழே ஓடிவிடும். தரைக்கு அடியில் காற்று நடமாடும். ஈரம் வீட்டைத் தொடாது. குடும்பம் பெருகும்போது பலர் கீழ்ப்பகுதியைக் கல்லால் அடைத்து அறைகளாக்கினார்கள். சிலர் முன்வீட்டைப் பலகையாகவே வைத்துக்கொண்டு, பின்னால் தரைமட்டத்தில் கல் சமையற்கட்டைச் சேர்த்தார்கள்.

திருமணமான மகனும் பெற்றோரும் சேர்ந்தும் தனித்தும் வாழ விரும்பினால் இது நல்ல ஏற்பாடு. முழங்கால் வலியுள்ள பாட்டிக்குப் படுக்கையும் கழிவறையும் கீழேயே இருக்கட்டும். படியேற்றத்தை இளையவர்களுக்கு விட்டுவிடுங்கள். ஆனால் நிலம் தாழ்வாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வந்த பெருவெள்ளத்தை மறந்துவிட முடியாது. வெள்ளத்துக்கு வழிவிடவே தூண் நின்றது. அந்த வழியை அடைத்தால் வெள்ளம் அறைக்குள் வரும். அத்தகைய இடத்தில் கீழ்ப்பகுதியைத் திறந்தே வையுங்கள். வீட்டுப் பத்திரமும் பிறப்புச் சான்றிதழும் பிள்ளைகளின் புத்தகங்களும் மேலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, கடைவீடு. கீழே வியாபாரம், மேலே குடித்தனம். பினாங்கிலும் மலாக்காவிலும் இவ்வகைத் தெருக்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த இரு நகரங்களும் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கடைக்கு முன்னே மழையும் வெயிலும் படாமல் நடக்கும் அஞ்சடிக்கு, 1822இல் ரஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரமைப்புக்குத் தந்த கட்டளையில் இடம் உண்டு. நம்மவர்க்கும் இது புதிதன்று. செட்டியார்களின் கிட்டங்கிகளில் கணக்குப் பெட்டியும் படுக்கைப் பாயும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.

தையல், முடிதிருத்தம், பலகாரம், மளிகை என்று கைத்தொழிலோ சிறு வியாபாரமோ உள்ள குடும்பத்துக்கு இது ஏற்றது. ஒரே வாடகையில் இரண்டு தேவைகள் நிறைவேறும். தாய் தொழிலையும் பிள்ளைகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் குரலும் எண்ணெய்ப் புகையும் மாடிவரை வரும். தேர்வு எழுதும் பிள்ளைக்குப் பின்புறத்தில் ஓர் அமைதியான மூலை உண்டா என்று பாருங்கள். ஓர் ஆசிரியர் என்ற முறையில் இதை வற்புறுத்திச் சொல்கிறேன். மாடியிலிருந்து வெளியேற இரண்டாவது வழி இருக்க வேண்டும். கீழே தீப்பிடித்தால் கடைப்படி உதவாது. ஊராட்சி மன்ற உரிமம் பெறாமல் வியாபாரம் தொடங்க வேண்டாம்.

நேயர்களே, எந்த வகையானாலும் பலகைக்கு முன்னே பத்திரம் வரவேண்டும். அரசு நிலத்தில் அனுமதியின்றிக் குடியேறுவது தேசிய நிலச் சட்டப்படி குற்றம். வரைபட அனுமதியின்றிக் கட்டுவதும் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றம். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று கட்டிய வீட்டை ஒரு காலையில் இயந்திரம் வந்து தள்ளிவிட்டால், இருபது வருடச் சேமிப்பு செங்கல் குவியலாகிவிடும். நிலத்தின் கிராண்டு யார் பெயரில் இருக்கிறது என்று நில அலுவலகத்திலேயே கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வீடு வாங்கவும் கட்டவும் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழியுண்டு. அந்தப் பணம் முதுமைக்கும் உரியது. ஆகையால் கணக்குப் போட்டு எடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வாசலில் கூடுங்கள். அளவுநாடாவும் சுண்ணக்கட்டியும் எடுத்து, நீங்கள் நினைக்கும் அறைகளைச் சரியான அளவில் தரையில் வரையுங்கள். கட்டில் எங்கே, அடுப்பு எங்கே, பிள்ளையின் மேசை எங்கே என்று பாருங்கள். பாட்டியை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அதிக நேரம் இருப்பவர் தாய். அவர் சொல்லுக்கு முதலிடம் கொடுங்கள். கோட்டை அழித்து எழுதச் செலவில்லை. சுவரை இடித்துக் கட்டத்தான் செலவு.

ஊர் மெச்சும் வீட்டைவிட நம் குடும்பத்துக்குப் பொருந்தும் வீடே நல்ல வீடு. அது கல்லானாலும் பலகையானாலும் இரண்டும் கலந்ததானாலும், நம் பெயரில் இருக்கட்டும்.