ஸ்ரியரிங் தண்டின் மூட்டு: இரண்டு கோடுகள் சந்திக்க வேண்டிய இடம்



இன்றைய உரையில் பழைய கார்களின் ஸ்ரியரிங் தண்டிலே இருக்கும் ஒரு சிறிய மூட்டைப் பற்றிச் சொல்லப் போகிறேன். யூனிவேர்சல் ஜொயின்ற் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் துண்டுதான். ஆனால் உங்கள் கையையும் முன் சில்லுகளையும் தொடுக்கும் ஒரே வழி அதனூடாகத்தான் போகிறது. பிறேக் போனால் கைப்பிறேக் இருக்கிறது. இது விட்டுப்போனால் மாற்று வழி ஒன்றும் இல்லை.

நம்முடைய பிள்ளைகள் சிலர் இப்போது பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கித் திருத்துகிறார்கள். அதிலும் எம்.ஜி.பி. என்ற கார் இங்கே பரவலாகக் கிடைக்கும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெரும் பங்கு அமெரிக்காவுக்கு வந்தது. நமது பெரியவர்களுக்கும் இந்தக் கார் அந்நியமில்லை. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ55 இன் 1489 சீசீ எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சீசீ எஞ்சினும் ஒரே வரிசையில் பிறந்தவை. மொறிஸ் மைனரில் இருக்கும் றாக் அன்ட் பினியன் ஸ்ரியரிங் முறைதான் இதிலும்.

சரி, தண்டிலே மூட்டு எதற்கு? எஞ்சினையும் மற்றதையும் தாண்டித் தண்டு நேராகப் போக முடியாது; வளைந்துதான் போகவேண்டும். இன்னொரு காரணம் உயிர்ப் பாதுகாப்பு. முன்பக்கம் மோதினால் ஒரே நேர்த்தண்டு சாரதியின் நெஞ்சுக்கு ஈட்டிபோல வரும். 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் இதைத் தடுக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே அதற்குப் பிந்திய கார்களில் மேல் தண்டு மோதலில் உள்ளே மடங்கும்படி செய்யப்பட்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், மூட்டைக் கழற்றவோ பூட்டவோ அந்தத் தண்டைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

வானொலியில் படம் காட்ட முடியாது. மனதிலே பாருங்கள். கெற்றப்போல் கட்டை போன்ற இரண்டு கவைகள். ஒன்று மேல் தண்டின் நுனியில், மற்றது கீழ்த் தண்டின் நுனியில். இரண்டையும் குறுக்காகப் பிடித்து, நடுவிலே ஒரு சிலுவை. இவ்வளவுதான் மூட்டு. 16ஆம் நூற்றாண்டின் இத்தாலியர் கார்டானோவின் பெயரையும், 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ஹூக்கின் பெயரையும் இதற்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. மேல் தண்டை ஒரே சீராகச் சுற்றினாலும் கீழ்த் தண்டு சீராகச் சுற்றாது. ஒரு சுற்றிலே இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். வளைவு 10 பாகை என்றால் அதிகூடிய வேகத்துக்கும் அதிகுறைந்த வேகத்துக்கும் வித்தியாசம் 3 வீதம், கைக்குத் தெரியாது. 20 பாகையில் 13 வீதம். 30 பாகையில் 33 வீதம்; அப்போது வளைவு ஒன்றின் நடுவிலே ஸ்ரியரிங் ஓரிடத்தில் கனக்கும், அடுத்த இடத்தில் இலேசாகும்.

எம்.ஜி.பி.யில் ஒரே ஒரு மூட்டுத்தான். அங்கே முக்கியமான விதி இது: மேல் தண்டின் நடுக்கோடும் பினியனின் நடுக்கோடும் சிலுவையின் நடுப்புள்ளியில் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். சில மில்லிமீற்றர் விலகினாலும் மூட்டு பூட்டுப்படும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது பினியனைப் பக்கவாட்டில் இழுக்கும். கை கனக்கும், சிலுவையின் ஊசித் தாங்கிகள் தேயும்.

கடந்த இளவேனிலில் வெஸ்ட் வின்ட்சரில் நம்மவர் பையன் ஒருவர் தன் 1974 எம்.ஜி.பி.யைக் காட்டினார். றாக் புதிது, மூட்டுப் புதிது, ரயர் புதிது. இருந்தும் ரூட் 1 இலே வலப்பக்கம் வெளியேறிச் சுற்றித் திரும்பும் வளைவுகளில் ஸ்ரியரிங் இறுகுகிறது என்றார். மூட்டைக் கழற்றிப் பார்த்தோம். பழைய றாக்கைக் கழற்றியவர் அதன் கீழே இருந்த மெல்லிய தகடுகளைத் திரும்ப வைக்கவில்லை. இரண்டு கோடுகளும் சந்திக்கவே இல்லை.

சரிசெய்யும் முறையைச் சொல்கிறேன். மூட்டைக் கழற்றுங்கள். இரண்டு தண்டு நுனியிலும் பொருந்தும் கூர்முனைக் குழாய் இரண்டு கடைந்து கொள்ளுங்கள். அவற்றின் நீளம், மூட்டின் அந்தந்தப் பக்கத்திலிருந்து சிலுவையின் நடு வரைக்கும் உள்ள அளவு. மேல் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரு கூர்முனைகளும் தொடும்வரை நகர்த்திப் பாருங்கள். அப்படியும் சந்திக்காவிட்டால் றாக்கின் கீழே தகடு வைத்துச் சரிப்படுத்துங்கள். பிறகு எல்லாவற்றையும் இறுக்கி, இன்னொரு தடவை பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்துவிடும். அந்தக் காருக்கு ஒரு சனிக்கிழமை முற்பகல் போதுமாக இருந்தது.

இரண்டு மூட்டுள்ள கார் என்றால் விதி வேறு. முதல் மூட்டு உண்டாக்கும் ஏற்றத்தாழ்வை இரண்டாவது மூட்டு அழிக்க வேண்டும். அதற்கு இரு வளைவுகளும் சம பாகையில் இருக்கவேண்டும். மூன்று தண்டுகளும் ஒரே தளத்தில் கிடந்தால், நடுத் தண்டின் இரு நுனிக் கவைகளும் ஒரே நேராக இருக்கவேண்டும். நடுத் தண்டு சரிந்து பக்கமாகவும் போனால், மேல் கவை மேல் வளைவின் தளத்தில் வரும் அதே நேரத்தில் கீழ்க் கவையும் கீழ் வளைவின் தளத்தில் வரவேண்டும். கால் சுற்று மாறிப் பூட்டினால் ஏற்றத்தாழ்வு அழிவதற்குப் பதிலாகப் பெருகும்: 30 பாகையில் 33 வீதம் இருந்தது 78 வீதமாகும். 36 பல்லுள்ள தண்டில் ஒரு பல் தள்ளினால் 10 பாகை. ஆகவே கழற்றுமுன் வெள்ளைப் பெயின்றால் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றம் எங்கே என்று கையாலேயே அறியலாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்து, ஸ்ரியரிங்கை ஒரு விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் இரண்டு தடவை கனத்தால் மூட்டின் கோணம் அல்லது கவைகளின் நேர். ஒரு தடவை கனத்தால் தண்டு வளைந்திருக்கலாம். எத்தனை சுற்றினாலும் றாக்கின் ஒரே இடத்தில்தான் இறுகுகிறது என்றால் றாக்கின் பல்லைப் பாருங்கள்.

பூட்டும்போது போல்ட்டு, தண்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தினூடாகப் போகவேண்டும். போகவில்லை என்றால் தண்டு முழுதாக உள்ளே இறங்கவில்லை. தானே பூட்டும் நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். சிறிது தூரம் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சிறிதளவு பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புதுச் சாமான் வாங்கிப் பூட்ட வழியில்லாததால், பழையது ஏன் பழுதானது என்று கண்டுபிடித்தே தீரவேண்டியிருந்தது. இங்கே இரண்டு நாளில் சாமான் வாசலுக்கு வருகிறது. அதனால் அந்த "ஏன்" என்ற கேள்வி நம்மிடம் குறைந்துபோனது. அந்தப் பையனின் காரிலும் புதுச் சாமான் மூன்று பூட்டியும் பழுது அப்படியே இருந்தது.

கடைசியாக ஒன்று. நியூ ஜேர்சியில் 2010 ஆகஸ்ட் 1 முதல் பயணிகள் கார்களின் இயந்திரக் குறைபாடுகளை அரசு பரிசோதிப்பதில்லை. புகையை மட்டும் பார்க்கிறார்கள். 25 வருடம் கடந்து, வரலாற்று வாகனத் தகடு பெற்ற கார்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டுப் பழைய காரின் ஸ்ரியரிங்கை உங்களைத் தவிர வேறு ஒருவரும் பார்க்கப் போவதில்லை. பிள்ளைகள் அதை ஓட்டிப் போகுமுன், ஒரு லாம்பை எடுத்துக்கொண்டு கீழே படுத்து ஒருமுறை பாருங்கள். பக்கத்தில் பிள்ளையையும் படுக்கச் சொல்லிக் காட்டுங்கள்.