கிறித்தவ வழிபாட்டின் நோக்கம்
(செம்பூர்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



“உங்கள் கோயிலில் அபிஷேகம் இல்லை, தீபாராதனை இல்லை. இரண்டு மணி நேரம் என்னதான் செய்கிறீர்கள்?” என்று, திருச்செம்பூர் முருகன் கோயிலுக்குத் தவறாது செல்லும் அண்டை வீட்டு அன்பர் ஒருவர் நம்மை வினவினார். பாட்டு, செபம், பிரசங்கம் என்று வரிசையாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அது விடையன்று என்பது நமக்கே தெரியும். ஆகவே சங்கத்தார் பேசப் பணித்தபோது இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைக்குத் தேர்ச்சி, மகளுக்கு வரன், பிணிக்கு மருந்து என இறைவனிடம் கேட்கவே நம்மிற் பலர் ஆலயம் ஏகுகின்றோம். கேட்பது பிழையன்று. ஆயினும் கிறித்தவ வழிபாட்டின் உயிர்நிலை அங்கே இல்லை. ஓர் அப்பத்தைப் பலர் பகிர்ந்துண்பதில் இருக்கிறது. இயேசு பெருமான் தாம் பாடுபடுவதற்கு முந்திய இரவில் சீடரோடு உண்ட விருந்தின் நினைவு அது. கத்தோலிக்கர் திருப்பலி என்பர். சீர்திருத்த சபையார் திருவிருந்து என்பர்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில், வெவ்வேறு மரபினராயிருந்த சபைகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. அச்சபை 1950இல் வகுத்த திருவிருந்து முறையிலே ‘சமாதானம்’ என்றோர் அங்கம் உண்டு. குருவானவர் தம்மோடு பணிபுரிவார்க்குக் கைகொடுப்பார். அவர்கள் முன்வரிசைக்குக் கொடுப்பர். இவ்வாறு கைம்மாறிக் கைம்மாறிக் கடைசி இருக்கை வரை அது செல்லும். கேரளத்துச் சிரியன் கிறித்தவரிடமிருந்து பெற்ற வழக்கம். இதன் பின்னரே காணிக்கை படைக்கப்படும். சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருக்குமாயின் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகு என்ற மத்தேயு நற்செய்தியின் போதனைக்கு ஏற்ப அமைந்த ஒழுங்கு இது.

சொல்வதற்கு எளிது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயத்தில் பலிபீடம் ஒன்று, கூடங்களோ இரண்டு, சாதிக்கு ஒன்று, இடையே சுவர். 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. சுவரின் இருபுறத்தும் இருந்தவர்கள் பக்தியில் நம்மினும் குறைந்தவர்கள் அல்லர். ஊரைவிட்டுப் பம்பாய்க்குப் பிழைக்க வந்த நம் முன்னோரும் மூட்டை முடிச்சுகளோடு அத்தகைய சுவரின் செங்கற்கள் சிலவற்றைக் கட்டிவந்தனரோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

நம் கதையையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். சென்ற ஆண்டு தண்ணீர்க் குழாயை முன்னிட்டு நமக்கும் மாடி வீட்டாருக்கும் சச்சரவு. மூன்று திங்கள் பேச்சில்லை. ஒரு ஞாயிறன்று அவரே நம் பக்கத்தில் அமர நேர்ந்தது. சமாதானம் வரிசையாக வந்தது. அவர் கை நீட்டினார். நாமோ வேதப் புத்தகத்தில் எதையோ தேடுவார்போல் குனிந்துகொண்டோம். நீண்ட கை சிறிது நேரம் நின்று மடங்கிற்று. நமக்கு அப்பால் அமர்ந்திருந்த கிழவியாரும் இரு சிறுவரும் கையை ஏந்தியபடியே காத்திருந்தனர். அவர்களுக்கு அன்று சமாதானம் வந்து சேரவில்லை.

திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது நமக்குக் கால் எழவில்லை, இருக்கையிலேயே இருந்துவிட்டோம்.

அன்று மாலை மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினோம். அவர் வீட்டம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். குழாயைப்பற்றி ஒருவரும் பேசவில்லை.